அச்சு அந்நியமாகலாம், மா நம்முடையதாகட்டும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் கடலோர நெடுஞ்சாலையிலே நிந்தவூரையும் ஒலுவிலையும் பாலமுனையையும் கடந்து அட்டாளைச்சேனையை அடைகின்ற எவரும், மேற்கே வயல்வெளியும் கிழக்கே தென்னையும் கடலுமாக இயற்கை இவ்வூருக்கு அளித்திருக்கும் ஐசுவரியத்தைக் கண்டு மகிழாதிருக்க முடியாது. நெல்லும் தேங்காயும் கைக்கெட்டும் தூரத்தில் விளைகின்ற இத்தகைய ஊரிலே, சுபஹுத் தொழுகை முடிந்து பொழுது புலர்கின்ற வேளையில், இசையொலித்தபடி ஒழுங்கைதோறும் வரும் பாண்வண்டியை எதிர்பார்த்துப் பிள்ளைகள் வாசலில் நிற்பதும், கடல் கடந்து வந்த கோதுமையினாலான பாணும் பணிஸும் எத்தனையோ வீடுகளுக்குக் காலையாகாரமாகிவிட்டதும் சாதாரணமாகக் கடந்துபோகத்தக்க விஷயங்கள் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

இந்த நிலையிலேதான் வாஃபிள் என்னும் மேனாட்டுப் பலகாரம் நம்மிடையே வந்து சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசித் திரையில் அதைக் கண்டு ஆசைப்படுகின்ற இளையவர்களும், மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்து விடுமுறையில் வரும்போது ஏனைய சாதனங்களோடு அதற்கான மின்னச்சையும் வாங்கி வருகின்றவர்களும் இன்று நம் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள். அதைக் கண்டதும் மூத்தவர்களில் சிலர், நமக்கெதற்கு இந்த வெள்ளைக்காரன் பண்டம் என்று முகஞ் சுளிக்கிறார்கள். இளையவர்களோ, கோதுமை மாவும் முட்டையும் பட்டரும் பால்மாவும் இன்றி அது ஆகவே ஆகாது என்று நம்பி, பெட்டியில் அடைத்த கலவையைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். இரு சாராரும் கவனிக்கத் தவறுகின்ற உண்மை ஒன்று உண்டு. வாஃபிளுக்கு இன்றியமையாதது அதன் அச்சு மாத்திரமே; அந்த அச்சில் வார்க்கப்படும் மா, நம் வயலின் அரிசியும் நம் மரத்தின் தேங்காயும் ஒரு பிடி உழுந்துமாக இருக்கலாம்; அவ்வாறு ஆகிவிட்ட மாத்திரத்தில், அது அப்பத்துக்கும் பிட்டுக்கும் பக்கத்தில் உரிமையோடு வைக்கத்தக்க நம்முடைய காலைப் பலகாரமாகிவிடுகிறது.

இரண்டு இரும்புத் தகடுகளைக் கீல் வைத்துப் பிணைத்து, இடையிலே மாவை இட்டு, நெருப்பின் மேல் புரட்டிப் புரட்டிச் சுடுகின்ற முறை ஐரோப்பாவில் மத்திய காலத்திலேயே வழக்கத்தில் இருந்தது. வாஃபிளுக்கு மூதாதையான மெல்லிய தகட்டப்பம் தானியமாவையும் நீரையும் கொண்டே செய்யப்பட்டது; முட்டையும் வெண்ணெயும் பாலும் பிற்காலத்தில், வசதி பெருகப் பெருக, அதனோடு சேர்ந்தவை. அமெரிக்காவிலே கோர்னேலியஸ் ஸ்வார்ட்வௌட் என்பவர் அடுப்பின் மேல் வைத்துத் திருப்பத்தக்க அச்சுக்கு 1869 ஆகஸ்ட் 24 ஆம் திகதி காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டில் மின்சார அச்சு வந்தது. 1964 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பெல்ஜியத்து வாஃபிள் விற்கப்பட்ட பின்னர் அதன் பிரசித்தி இன்னும் பெருகிற்று. ஆகவே, இன்று கடைக்காரர் நமக்குக் காட்டுகின்ற முட்டையும் பட்டரும் நிறைந்த வடிவமே அதன் ஆதி வடிவம் என்று எண்ணுவதற்கு நியாயம் இல்லை.

அச்சைக் கொண்டு உணவு சமைப்பதும் நமக்கு அந்நியமான வித்தை அன்று. பிட்டுக்குக் குழலும், இடியப்பத்துக்கு உரலும், அப்பத்துக்குக் குழிந்த சட்டியும் நம் அடுக்களைகளில் தொன்றுதொட்டு இருந்து வருகின்றன. பூவடிவான இரும்பச்சைக் கொதிக்கும் எண்ணெயில் காய்ச்சி, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்த கலவையில் தோய்த்துப் பொரிக்கின்ற அச்சுப்பலகாரத்தை நம் பெண்கள் பெருநாளுக்குச் செய்வதுண்டு. ஏறக்குறைய அதே பலகாரத்தைச் சிங்கள மக்கள் கொக்கிஸ் என்ற பெயரால் தங்கள் புத்தாண்டுப் பந்தியில் வைக்கிறார்கள். ஒல்லாந்தர் 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர்; 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரையில் அட்டாளைச்சேனையும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. கொக்கிஸ் அந்த ஒல்லாந்தர் வழியாகவே இந்நாட்டுக்கு வந்ததென்பது பரவலான கருத்து. வந்தது எவ்வழியாயினும், அது அரிசிமாவிலும் தேங்காய்ப்பாலிலும் வேரூன்றிவிட்ட காரணத்தால், இன்று அதை அந்நியப் பண்டம் என்று விலக்குவார் எவரும் இல்லை. கொக்கிஸுக்குக் கிடைத்த இந்தக் குடியுரிமையை வாஃபிளுக்கும் நாம் அளிக்கலாம். ஆனால் அதே நிபந்தனையின் பேரில் அளிக்க வேண்டும்.

அந்த நிபந்தனையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தப் பிரதேசத்தின் ஜீவனமே நெல் என்பதுதான். கண்டி மன்னன் செனரத் 1626 இல் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்று தொட்டு இக்கரையின் முஸ்லிம்கள் வணிகராகவும் மீனவராகவும் இருந்ததோடு, பெருந்தொகையாக வேளாண்மை செய்பவராகவும் இருந்து வந்திருக்கிறார்கள். 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டமும், அதன் விளைவாகிய சேனாநாயக்க சமுத்திரமும் இம்மாவட்டத்தை இலங்கையின் முதன்மையான நெற்களஞ்சியங்களில் ஒன்றாக்கின. இப்படிப்பட்ட மாவட்டத்தில், வணிக அளவில் ஒரு மணி கோதுமையேனும் விளையாத ஒரு நாட்டில், காலைப் பசிக்குக் கோதுமையை நம்பியிருப்பது விவேகமாகுமா என்பதை நாம் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும்.

கோதுமை நம்மிடம் வந்து நிலைத்ததே ஒரு பஞ்சகாலத்தில்தான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிடவே, பங்கீட்டின் மூலம் கோதுமை மாவை ஜனங்களுக்கு வழங்க அன்றைய அரசாங்கம் முற்பட்டது. அரிசி இல்லாத குறையைத் தீர்க்க வந்த பாண், அரிசி வந்த பின்னரும் போகவில்லை. பிறகு 1973 ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியபோது அதே பாணுக்காக மக்கள் விடியற்காலையில் வரிசையில் நிற்க நேர்ந்தது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தபோது கோதுமை மா, பால்மா, சமையல் எரிவாயு ஆகிய மூன்றும் ஏககாலத்தில் அருமையாயின. மறு ஆண்டில் முட்டைக்கும் தட்டுப்பாடு நேர்ந்து, அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்தது. 2021 இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையினால் நம் வயல்களும் அக்காலத்தில் வாடியதை நான் மறக்கவில்லை. எனினும் வயலின் துன்பத்தை நாமே கண்டு நாமே குரலெழுப்பித் திருத்த முடியும். அந்தத் தடையும் ஓராண்டு நிறையுமுன்னரே நீக்கப்பட்டது. தூரதேசத்துக் கோதுமை வயலில் யுத்தம் மூண்டால் நம்மால் செய்யக்கூடியது யாதொன்றும் இல்லை.

கடைக்காரரின் வாஃபிளுக்கு வேண்டிய பொருள்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: கோதுமை மா, முட்டை, பட்டர், பால்மா. நெருக்கடி வந்தபோது நம்மைக் கைவிட்டவை இவையேதான். தாவரப் பொருள்களைக் கொண்டு வீட்டிலே அதைச் செய்வோம் என்று நான் சொல்வதன் முதற்காரணம் இதுவே. மீனும் இறைச்சியும் உண்கின்ற நம் ஜனங்களை மரக்கறி உணவுக்கு மாற்றும் பிரசாரம் என்று இதை யாரும் கொள்ள வேண்டாம். இடியப்பமும் சொதியும், பிட்டும் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும், ரொட்டியும் சம்பலும் என்றவாறு, மாசியைச் சேர்க்காத வேளைகளிலெல்லாம் நம் காலையாகாரம் முழுவதும் தாவர உணவாகவே இருந்து வந்திருக்கிறது. அதற்கென ஒரு கொள்கையை வகுக்க வேண்டிய அவசியம் நம் மூத்தம்மாக்களுக்கு நேரவில்லை. பகலில் மீன் ஆணம் உண்கின்ற ஒருவருக்கு, தாவர உணவில் கிடைக்காத பீ12 என்னும் உயிர்ச்சத்து அதிலிருந்து கிடைத்துவிடும். ஆகவே காலையில் முட்டையும் பாலும் இல்லாதிருப்பதால் உடம்புக்கு யாதொரு குறையும் நேராது. முட்டையோ பாலோ ஒவ்வாத பிள்ளைகளுக்கும், கோதுமையிலுள்ள பசைப் புரதத்தைத் தாங்காத வயிறு உடையவர்களுக்கும் இப்பலகாரம் பெரும் சகாயம்.

முட்டையின்றி மா அச்சில் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது கடினமல்ல. முட்டை அங்கே மூன்று காரியங்களைச் செய்கிறது: சூட்டில் இறுகி உருவத்தைத் தாங்குகிறது, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கிறது, காற்றை உள்ளே பிடித்துக்கொண்டு பலகாரத்தைப் பொங்கச் செய்கிறது. ஊறவைத்து அரைத்த உழுந்திலே புரதமும் வழுவழுப்பான ஒருவகைப் பசையும் இருப்பதால், இராப்பொழுதில் நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்கச் செய்து வெளியிடும் வாயுவை அது வெளியே விடாமல் சிறைப்படுத்துகிறது. தோசைமாவும் இட்டலிமாவும் பொங்குவது இதனால்தான். தேங்காய்ப்பாலோ, கொழுப்பும் நீரும் இயல்பாகவே கலந்திருக்கின்ற ஒரு திரவம். அது மாவுக்கு மென்மையையும், வெந்தபின் மேற்புறத்துக்கு மொறுமொறுப்பையும் மணத்தையும் தருகிறது. ஆக, முட்டைக்கும் பாலுக்கும் உரிய தொழிலை உழுந்தும் தேங்காயும் பங்கிட்டுக் கொள்கின்றன. பிற இடங்களில் அப்பமாவைப் பொங்கவைப்பதற்குக் கள்ளைச் சேர்ப்பதுண்டு. அது நமக்கு விலக்கப்பட்டது என்ற காரணத்தால், ஈஸ்டையோ முந்திய நாள் மாவையோ இட்டு அதே அப்பத்தைச் சுடக் கற்றுக்கொண்ட நம் பெண்களுக்கு, ஒரு பொருளை விலக்கி வேறொரு பொருளால் அதன் பிரயோஜனத்தைப் பெறுவது எப்படி என்பதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

செய்முறையையும் கூறிவிடுகிறேன். இரண்டு கோப்பைப் பச்சையரிசிக்கு அரைக் கோப்பை உழுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் என்ற அளவில் எடுத்து, அரிசியை வேறாகவும் உழுந்தையும் வெந்தயத்தையும் வேறாகவும் நாலைந்து மணி நேரம் ஊறவைக்க வேண்டும். உழுந்தை நுரைத்து எழும்ப அரைத்து, அரிசியை ஒரு பிடி சோற்றோடு நைய அரைத்து, இரண்டையும் கையால் நன்றாகக் கலந்து மூடி இரவு முழுவதும் வைத்தால், நம் கடலோர வெப்பத்திலே விடியுமுன் மா பொங்கி நிற்கும். காலையில் பாதித் தேங்காயின் முதற்பாலைச் சிறிது சிறிதாக விட்டு, உப்பும் ஒரு மேசைக்கரண்டி சீனியும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயும் சேர்த்து, அப்பமாவைக் காட்டிலும் சற்றுத் தடிப்பாக இருக்கும்படி கலக்க வேண்டும். சீனி இனிப்புக்காக மாத்திரம் சேர்க்கப்படுவதன்று. அது மாவின் புரதத்தோடு சேர்ந்து சூட்டில் பொன்னிறத்தை உண்டாக்குகிறது. சிவப்பரிசியில் செய்தால் நிறம் மங்கலாயினும் சுவையும் சத்தும் மிகும். அரிசியில் ஒரு பங்கைக் குறைத்துக் குரக்கன் மாவைச் சேர்ப்பதும் நன்று.

அச்சை முதலில் நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி, மாவை வார்த்து மூடியபின் பொறுமை அவசியம். மாவிலுள்ள நீர் ஆவியாக ஓரங்களால் வெளியேறிக்கொண்டிருக்கும் வரையில் பலகாரம் வேகவில்லை என்பது பொருள். ஆவி ஓய்ந்த பின்னரே திறக்க வேண்டும். அதற்கு ஐந்தாறு நிமிடம் செல்லும். அவசரப்பட்டுத் திறப்பவர் கையில் அது இரண்டாகக் கிழிந்து, பாதி மேல்தகட்டிலும் பாதி கீழ்த்தகட்டிலுமாக ஒட்டிக்கொள்ளும். முட்டை இல்லாததால் இப்படியாயிற்று என்று அப்போது பழி சொல்வது அநியாயம். எடுத்தவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் நனைந்து தளர்ந்துவிடும். இடியப்பத்தட்டின் மேல் தனித்தனியே பரப்பி, சூடு ஆறுமுன் பரிமாற வேண்டும்.

முந்திய இரவு ஊறவைக்க மறந்தவர்களுக்கும் வழி உண்டு. ஒன்றரைக் கோப்பை அரிசிமாவோடு கால் கோப்பைக் கடலைமாவும் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்து, நன்கு கனிந்த ஒரு வாழைப்பழத்தை மசித்து இட்டு, ஏறக்குறைய ஒன்றரைக் கோப்பைத் தேங்காய்ப்பாலும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் சில துளி எலுமிச்சம்புளியும் விட்டுக் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் போதும். வறுத்த அரிசிமா நீரைக் கூடுதலாக உறிஞ்சும் சுபாவம் உடையதாகையால், அதற்கேற்பப் பாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கடலைமாவின் புரதம் கட்டுக்கோப்பைத் தரும். வாழைப்பழம் ஈரத்தைக் காக்கும்.

தொட்டுக்கொள்ளுவதற்குச் சாக்லேட் குழம்பைத் தேடவேண்டிய அவசியமும் இல்லை. கித்துள் பாணியும் கோழிக்கூட்டு வாழைப்பழமும், அல்லது சர்க்கரையில் கிளறிய தேங்காய்ப்பூவும் சிறந்த துணை. இனிப்பைக் குறைக்க வேண்டியவர்கள் மாவிலேயே வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் அரிந்து போட்டுச் சுட்டு, தேங்காய்ச் சம்பலோடும் சொதியோடும் உண்ணலாம். நீரிழிவு வீட்டுக்கு வீடு பரவிவரும் இக்காலத்தில், இந்த இரண்டாவது முறையே வழக்கமாகவும், பாணி ஊற்றுவது விசேஷ தினங்களுக்கு உரியதாகவும் இருப்பது நலம்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயங்கள் இல்லாமலில்லை. தேங்காய் விலை முதலாவது. 2024 இன் இறுதியிலும் 2025 இன் தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது, சம்பலுக்கே தேங்காய் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் அவதிப்பட்டன. ஆனால் மேற்சொன்ன அளவு ஐந்தாறு பேருக்குப் பாதித் தேங்காயைத்தான் கேட்கிறது. அதைச் சம்பலுக்கோ சொதிக்கோ பதிலாகச் செலவிட்டால் மேலதிகச் செலவு அதிகம் இல்லை. மேலும் தேங்காய்க்குக் கொடுக்கும் காசு இந்நாட்டுத் தோட்டக்காரரையும் பறிப்பவரையும் உரிப்பவரையும் சென்றடைகிறது. மின்சாரக் கட்டணத்தைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு ஒரு கணக்கு: ஆயிரம் வாட் சக்தியுள்ள அச்சு முக்கால் மணி நேரம் இடைவிடாது இயங்கினாலும் முக்கால் அலகுக்கு மேல் செலவாகாது. மின்னச்சு வாங்க வசதி இல்லாதவர்கள் இதே மாவை அப்பச்சட்டியிலோ தோசைக்கல்லிலோ வார்க்கலாம். சத்திலும் சுவையிலும் யாதொன்றும் குறையாது.

இரண்டாவது நியாயம் இதைவிடக் கனமானது. வீட்டிலே சமைப்பது நல்லது என்று எழுதுபவர்கள், அந்தப் பிரயாசை யார் தலையில் விழுகிறது என்பதை எண்ணாமல் எழுதிவிடுகிறார்கள். பாண் இவ்வளவு எளிதாக நம் வீடுகளுக்குள் புகுந்ததற்குக் காரணம், விடியற்காலையில் அடுப்பின் முன் தனியே நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது சற்று ஓய்வைத் தந்தது என்பதே. பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் பெண்கள் பெருகிவிட்ட இன்று அந்த ஓய்வைப் பறித்துவிட்டுப் பாரம்பரியத்தைப் புகழ்வது தர்மமாகாது. ஆகையால், காலையாகாரத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர விரும்புகின்ற ஆண்கள் முதலில் தாங்கள் அடுக்களைக்குத் திரும்ப வேண்டும். இந்த விஷயத்தில் வாஃபிள் அச்சுக்கு ஒரு விசேஷ அனுகூலம் உண்டு: அப்பச்சட்டியைச் சுழற்றும் கைப்பழக்கமும், பிட்டுமாவைப் பதமறிந்து குழைக்கும் அனுபவமும் அதற்கு வேண்டியதில்லை. இரவிலே மா அரைத்து வைக்கப்பட்டிருந்தால், தொழுகை முடிந்து வந்த வாப்பாவும், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் சேர்ந்தே அதைச் சுட்டு முடிக்கலாம். பிள்ளைகளின் ஆசையே அவர்களை வேலைக்கு அழைத்து வரும்போது, அதை அலட்சியம் செய்வது புத்தியன்று.

பாணையே வீட்டுக்குள் சேர்க்கக்கூடாது என்று நான் வாதிக்கவில்லை. பேக்கரித் தொழிலாளரும் பாண்வண்டி ஓட்டுநரும் நம் அயலவர்களே, அவர்களுடைய உழைப்பும் மரியாதைக்குரியதே. வாரத்தில் சில நாள்களிலேனும் காலையாகாரம் நம் அரிசியிலும் நம் தேங்காயிலும் நம் வீட்டாரின் கைகளாலும் உருவாக வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஊரின் வயலில் விளைந்தது ஊரின் பிள்ளைகளுக்கு உணவாகும்போது உண்டாகும் பறக்கத்தை, பெட்டியில் அடைத்துவரும் எந்தக் கலவையும் தரமாட்டாது.

இப்பகுதிப் பாடசாலைகளில் மனைப்பொருளியல் கற்பிக்கின்ற ஆசிரியைகள், கோதுமை மாவையும் முட்டையையும் கொண்டு கேக் செய்யப் பழக்குவதோடு நில்லாமல், அரிசிமாவையும் உழுந்தையும் கொண்டு வாஃபிள் சுடுவதையும் ஒரு செய்முறைப் பயிற்சியாக மாணவர்களுக்கு அளிப்பார்களாக. விடியற்காலையில் வீட்டு வாசலில் அப்பமும் இடியப்பமும் விற்றுக் குடும்பத்தைக் காக்கின்ற பெண்களுக்கு, ஊர்ச் சங்கங்களும் வசதி படைத்தோரும் ஓர் அச்சை வாங்கிக் கொடுத்தால், பிள்ளைகள் விரும்பும் பண்டத்தையும் அவர்கள் தங்கள் விற்பனையில் சேர்த்துக்கொள்ள வழி பிறக்கும். வெளிநாட்டிலிருந்து அச்சு வாங்கி வந்தவர்கள் அதை அலுமாரியில் பூட்டி வைக்காமல் இன்றிரவே உழுந்தையும் அரிசியையும் ஊறப்போடட்டும். அச்சு எங்கிருந்து வந்தாலும் வரட்டும். அதிலே வார்க்கும் மா மாத்திரம் நம் வயலின் அரிசியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.